106 ஆண்டுகளுக்கு ஐந்து பெயர்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஆண்டுதோறும் வெளியிடும் தகவல் மலர்களின் பின்பக்கங்களில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். தலைமைப் பயிற்சியாளரின் பெயர், பொறுப்பில் இருந்த ஆண்டுகள், வென்ற ஆட்டங்கள், தோற்ற ஆட்டங்கள். வேகமாகப் புரட்டுகிறவர்கள் தாண்டிப் போய்விடும் பக்கம். ஆஸ்டின் நகரத்து டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்கான அட்டவணையை மட்டும் என்னால் அப்படித் தாண்ட முடிவதில்லை. 1911 முதல் 2016 வரை 106 ஆண்டுகளுக்கு அதில் ஐந்தே பெயர்கள். பில்லி டிஷ், பிப் ஃபால்க், பிளேர் செர்ரி, கிளிஃப் கஸ்டஃப்சன், ஆகி கரிடோ. இவர்களில் செர்ரி இரண்டாம் உலகப் போர் நடந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் இடத்தைக் காத்து நின்றவர். மீதி 103 ஆண்டுகளை நால்வர் பங்கிட்டுக்கொண்டார்கள்: 29, 25, 29, 20.

டிஷுக்கு முந்திய வரிகளையும் பார்த்தால் இதன் அழகு கூடும். அங்கே ஆண்டுக்கு ஒருவர், இரண்டு ஆண்டுக்கு ஒருவர் என்று பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பிறகு சட்டென்று அந்த ஓட்டம் நின்று, ஒரு பெயர் மூன்று பத்தாண்டுகளை நிரப்புகிறது.

கல்லூரி பேஸ்பாலின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்த நீளம் எவ்வளவு அரியது என்பது விளங்கும். தொழில்முறை அணி ஒன்று நல்ல ஆட்டக்காரர் கிடைத்தால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூட வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த மாணவரை மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது 21 வயது ஆனதும், தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொள்ளலாம். எனவே கைபழகி, கண்பழகி, அழுத்தமான நேரத்தில் பதறாமல் நிற்க ஒருவன் கற்றுக்கொள்ளும் நாளில் அவன் கிளம்பிவிடுகிறான். பயிற்சியாளர் மறுபடியும் பதினெட்டு வயதுப் பையன்களோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். 29 ஆண்டுகள் என்றால் குறைந்தது ஏழெட்டு முறை முழு அணியையும் புதிதாகக் கட்டியிருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தங்குவதில்லை, ஆடும் முறை மட்டும் தங்குகிறது. கர்நாடக இசையில் ஒரு கீர்த்தனையின் பாடாந்தரம் ஒரு வீட்டில் வாய்வழியாக இறங்கி வருவதைப் போல, பந்தை எடுக்கும் விதமும் தளத்திலிருந்து தளத்துக்கு ஓடும் விதமும் இங்கே ஆள்வழியாக இறங்கி வந்திருக்கின்றன. டிஷிடம் ஆடியவர் ஃபால்க். ஃபால்க்கிடம் ஆடியவர் கஸ்டஃப்சன்.

டிஷ் 1911-இல் வந்தார். அதற்கு முன்பு அதே ஊரில், ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் செயின்ட் எட்வர்ட்ஸ் கத்தோலிக்கக் கல்லூரியில் பேஸ்பால் கற்றுக்கொடுத்தவர். எதிரணியில் இருந்தவரைத் தங்கள் பக்கம் அழைத்துக்கொண்டது பல்கலைக்கழகம். 'அங்கிள் பில்லி' என்று மாணவர்கள் அழைத்த அவர், முதல் உலகப் போருக்கு முன்பே வந்து, அந்தப் போரையும் அதற்குப் பின் வந்த கொள்ளைக் காய்ச்சலையும் முப்பதுகளின் பொருளாதார வீழ்ச்சியையும் அதே திடலில் இருந்து பார்த்தார். உடல் நலம் குன்றியதால் 1939-க்குப் பிறகு பொறுப்பை விட்டார். ஆனால் திடலை விடவில்லை. பொறுப்பேற்ற மாணவருக்கு ஆலோசகராக அருகிலேயே இருந்தார். 1949-இலும் 1950-இலும் அந்த மாணவர் தேசியப் பட்டத்தை வென்று வந்தபோது ஆசிரியர் உயிரோடு இருந்தார். 1953-இல்தான் காலமானார். அட்டவணையில் 1911–1939 என்று முடிந்துபோகிற வரிக்குப் பின்னால் இவ்வளவு நீண்ட நிழல் இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

டிஷின் காலத்தில், 1928-இல், அணி புதிய திடலுக்கு மாறியது. பெயர் கிளார்க் ஃபீல்ட். இந்தத் திடலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் தீராது. சாதாரணமாகத் திடல் கட்டுகிறவர்கள் முதலில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்வார்கள். கிளார்க் ஃபீல்டில் நடுத் திடலின் பின்பகுதியில் ஒரு சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 12 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது. அதை யாரும் வெட்டவில்லை. பாறைக்கு மேலே இருந்த நிலமும் ஆட்டக் களத்தில் சேர்த்தி. பந்து பாறைமேல் போய் விழுந்தால் அது எல்லைக்கு வெளியே போனதாகக் கணக்கில்லை. ஓடிப்போய், ஏறிப்போய், எடுத்து எறிய வேண்டும். மேலே ஏறுவதற்கு ஆட்டுத்தடம் ஒன்று இருந்தது. 'பில்லி கோட் ஹில்', அதாவது ஆட்டுக்கிடாக் குன்று, என்றே அந்தப் பாறைக்குப் பெயர்.

ஒரு கணம் அந்த நடுத்திடல் காவலரின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். பேட்டர் வலுவாக அடிக்கக்கூடியவர் என்றால் மேலே நிற்பதா, கீழே நிற்பதா? மேலே நின்றால் முன்னால் விழும் பந்துக்குக் குதித்து இறங்க வேண்டும். கீழே நின்றால், தலைக்கு மேல் பறந்த பந்தைத் தொடர்ந்து தடத்தில் ஏறுவதற்குள் அடித்தவர் நான்கு தளங்களையும் சுற்றி வீட்டுக்கு வந்துவிடுவார். டெக்சஸ் பையன்களுக்கு அந்தத் தடத்தின் ஒவ்வொரு கல்லும் கால்களுக்குத் தெரியும். வந்த அணிக்காரர்கள் பாறையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி பேப் ரூத், லூ கெரிக் இருவரோடும் வந்து இங்கே மாணவர்களோடு காட்சி ஆட்டம் ஆடியது. கெரிக் அன்று அடித்த ஹோம் ரன்னை அந்த ஊர் பல பத்தாண்டுகளுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர்களைப் பற்றி எழுதும்போது பாறையைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். டிஷும் ஃபால்க்கும், தொடக்க ஆண்டுகளில் கஸ்டஃப்சனும் கற்றுக்கொடுத்த இடம் அது. இருக்கிற நிலத்தை இருக்கிறபடி ஏற்றுக்கொண்டு, அதன் மேடுபள்ளத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் பழக்கம் அந்த அணிக்கு அந்தத் திடலில்தான் ஊறியது என்று நான் நம்புகிறேன்.

ஃபால்க்கிடம் வருவோம். நால்வரில் என் மனம் அதிகம் தங்குவது இவரிடம்தான். 1899-இல் ஆஸ்டினிலேயே பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் கால்பந்தும் பேஸ்பாலும் இரண்டும் ஆடினார். அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன். 1920-இல் டிஷின் கைகளிலிருந்து நேராகச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்குப் போனார். போன ஆண்டைக் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டின் உலகத் தொடரைச் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றுக்கொடுத்ததாக அந்த அணியின் ஆட்டக்காரர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டு, 1920 செப்டம்பர் இறுதியில், பருவம் முடிய ஒரு சில நாட்களே இருந்தபோது, இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் 'ஷூலெஸ் ஜோ' ஜாக்சன். பேஸ்பால் கண்ட மிகச் சிறந்த அடிகாரர்களில் ஒருவர், வாழ்நாள் அடிவிகிதம் .356. அவர் காலி செய்த இடது திடலில் போய் நின்றவர் 21 வயது ஃபால்க்.

அந்த இடத்தில் யார் நின்றாலும் பார்வையாளர்களின் கண் அவரைத் தாண்டி, இல்லாத மனிதரையே தேடியிருக்கும். ஃபால்க் ஜாக்சனாக ஆக முயன்றதாகத் தெரியவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிகாகோவிலும், பிறகு மூன்று ஆண்டுகள் கிளீவ்லண்டிலும் நின்று நிதானமாக அடித்தார். 12 பருவங்களின் முடிவில் அவருடைய அடிவிகிதம் .314. ஆயிரம் முயற்சிகளில் 314 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார் என்று பொருள். பேஸ்பாலில் .300 என்பதே நல்ல ஆட்டக்காரரின் முத்திரை. 1926-இல் மட்டும் .345. ஜாக்சனின் நிழலில் இந்த எண்கள் சிறிதாகத் தெரியலாம். ஆனால் இப்படி ஒரு வெற்றிடத்தில் நின்று இவ்வளவு செய்தவரின் நெஞ்சுரத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன். பிற்காலத்தில் டிஷின் இடத்திலும் இவரே போய் நிற்க வேண்டியிருந்தது. பெரிய மனிதர் விட்டுப்போன இடத்தில் நிற்பது எப்படி என்பதை அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சிகாகோவில் பழகியிருந்தார்.

இன்னொரு துளி. 1933-இல் கிளீவ்லண்ட் அணி தன் மேலாளர் ரோஜர் பெக்கின்பாவை நீக்கிவிட்டு வால்டர் ஜான்சனை அழைத்தது. இருவருக்கும் நடுவே ஒரே ஒரு ஆட்டத்துக்கு அணியை நடத்தியவர் ஃபால்க். அந்த ஆட்டத்தில் அணி வென்றது. ஆகவே பெரிய லீகில் மேலாளராக அவர் கணக்கு: ஒரு வெற்றி, தோல்வி இல்லை. புள்ளிவிவர நூல்களில் பெக்கின்பாவுக்கும் ஜான்சனுக்கும் இடையே நசுங்கிக் கிடக்கும் இந்த ஒற்றை வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. அந்த ஒரு நாள் வேலைக்காரர்தான் பிறகு கல்லூரியில் கால் நூற்றாண்டு அணி நடத்தினார்.

அவருக்கு 'ஜாக்கி' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தபடி எதிரணி ஆட்டக்காரர்களை வாயால் சீண்டிச் சீண்டிக் கவனத்தைக் கலைப்பதை அக்கால பேஸ்பாலில் ஒரு கலையாகவே வைத்திருந்தார்கள். அதில் இவர் கைதேர்ந்தவர். எதிராளியைச் சீண்ட வேண்டுமானால் முதலில் அவனைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். எங்கே தயங்குகிறான், எதற்குக் கோபப்படுகிறான், எந்தப் பந்தைப் பார்த்துக் கால் பின்வாங்குகிறது என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்தான் நல்ல பயிற்சியாளருக்கும் வேண்டிய கண்.

கல்லூரி உலகத் தொடர் 1947-இல் தொடங்கியது. 1949-இல் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் நடந்தபோது ஃபால்க்கின் அணி இறுதியில் வேக் ஃபாரஸ்ட்டை 10–3 என்று வென்றது. மறு ஆண்டு தொடர் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவுக்குப் போனது. அன்று முதல் அந்த ஊர்தான் அதற்கு நிரந்தர வீடு. அங்கே நடந்த முதல் தொடரில் ஜிம் எர்லர் என்ற டெக்சஸ் பிட்சர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக அணிக்கு ஒரு 'ஹிட்' கூடக் கொடுக்காமல், அதாவது யாரையும் அடித்துத் தளம் சேரவிடாமல், ஆட்டத்தை முடித்தார். கல்லூரி உலகத் தொடரில் அதுவே முதல் முறை. இறுதியில் வாஷிங்டன் ஸ்டேட்டை 3–0 என்று வென்று, அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் பட்டம் பெற்ற முதல் அணி ஆனது டெக்சஸ். ஒமாஹா என்ற ஊர்ப்பெயர் இன்று எந்த அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரருக்கும் கனவின் பெயர். டெக்சஸ் 2025 வரை 38 முறை அந்தத் தொடருக்குப் போயிருக்கிறது. வேறெந்தப் பல்கலைக்கழகமும் அத்தனை முறை போனதில்லை.

செர்ரியை ஒரு பத்தியில் முடித்துவிடலாம் என்றாலும் அவரை விட்டுவிட மனம் வரவில்லை. அவர் அடிப்படையில் கால்பந்துக்காரர். அமரில்லோ உயர்நிலைப் பள்ளிக்கு 1934 முதல் 1936 வரை தொடர்ந்து மூன்று மாநிலப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தவர். ஃபால்க் போர்ப் பணிக்குப் போன 1943 முதல் 1945 வரை பேஸ்பால் அணியைப் பார்த்துக்கொண்டார். ஃபால்க் திரும்பியதும் அணி அவர் கைக்கே போனது. செர்ரி 1947-இல் பல்கலைக்கழகத்தின் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். மூன்று ஆண்டுகள் வேறொருவர் நடத்திய அணி மறுபடியும் பழைய கைக்கே வந்ததில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அவர் மட்டும் அந்த இடத்தைப் பற்றிக்கொண்டிருந்தால் இந்த வரிசையின் வடிவமே வேறாகியிருக்கும்.

இந்த அழகை ரசிக்கும் அதே மூச்சில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டெக்சஸ் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களை இளநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1956-இல்தான். டிஷின் 29 ஆண்டுகளும் ஃபால்க்கின் பெரும்பகுதியும் அந்தக் கதவு மூடியிருந்த காலம். அந்த ஆண்டுகளில் ஆஸ்டினின் தெருக்களில் பந்து எறிந்து வளர்ந்த எத்தனையோ பையன்களுக்குப் பாறைமேல் ஏறும் ஆட்டுத்தடம் திறக்கவே இல்லை. வெற்றி தோல்விக் கட்டங்களில் இதற்கு இடம் கிடையாது. அந்த எண்களைப் படிக்கும்போது நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கஸ்டஃப்சன் 1952-இல் ஒமாஹாவுக்குப் போன ஃபால்க்கின் அணியில் ஆடியவர். பிறகு சான் அந்தோனியோவின் தெற்குப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்து மாநிலப் பட்டங்களாகக் குவித்தார். 1968-இல் பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது அவருக்குக் கல்லூரியில் தலைமை வகித்த அனுபவம் ஒரு நாள்கூட இல்லை. வந்த முதல் ஆண்டே அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் கொண்டுபோனார். 29 பருவங்களில் 17 முறை. மொத்தக் கணக்கு 1,427 வெற்றி, 373 தோல்வி. சராசரியாகப் பருவத்துக்கு 49 வெற்றிகள். பேஸ்பாலில் நல்ல அணியும் மூன்றில் ஓர் ஆட்டம் தோற்கும். இவர் ஐந்தில் ஒன்று என்ற கணக்கில் 29 ஆண்டுகள் நின்றார். இந்த விகிதத்தின் அருமை பேஸ்பால் பார்த்துப் பழகியவர்களுக்கு முதுகுத்தண்டில் தெரியும்.

1975-இல் கிளார்க் ஃபீல்ட் விடைபெற்றது. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே செயற்கைப் புல்தரையோடு சமதளத்தில் புதிய திடல் எழுந்தது. பெயர் டிஷ்–ஃபால்க் ஃபீல்ட். ஆசிரியரையும் மாணவரையும் ஒரு சிறு கோட்டால் இணைத்த பெயர். டிஷ் போய் 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபால்க் 76 வயதில், அதே ஊரில், தன் பெயர் தாங்கிய திடலைப் பார்க்க இருந்தார். அவர் 1989 வரை, 90 வயது கடந்து, வாழ்ந்தார். அந்தத் திடலின் முதல் பருவத்திலேயே அவருடைய மாணவர் தேசியப் பட்டம் வென்றார். இறுதியில் சவுத் கரோலைனாவை 5–1 என்று. டிஷ், ஃபால்க், கஸ்டஃப்சன் மூன்று தலைமுறையும் ஒரே ஆண்டில் ஒரே இடத்தில் சேர்ந்த இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

1983 அணி இன்னொரு விருந்து. ஹூஸ்டனுக்கு அருகே இருக்கும் ஓர் ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த ரோஜர் கிளெமன்ஸ், கூடவே கால்வின் ஷிரால்டி. இறுதியாட்டத்தில் அலபாமாவை 4–3 என்று வென்றபோது முழு ஆட்டமும் பந்து வீசியவர் கிளெமன்ஸ். அந்த ஆண்டே பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. பழுத்த நாளில் பறிபோவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

மறு ஆண்டு, 1984. கிளெமன்ஸ் இல்லாமலும் கஸ்டஃப்சனின் அணி இறுதிக்கு வந்தது. எதிரே கலிபோர்னியாவின் கால் ஸ்டேட் ஃபுல்லர்ட்டன். புகழும் பணமும் குறைந்த அரசுக் கல்லூரி. அது 3–1 என்று டெக்சஸைத் தோற்கடித்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஆகி கரிடோ.

பட்டியலில் கஸ்டஃப்சனுக்குக் கீழே அடுத்த பெயராகக் கரிடோ இருப்பதைப் பார்க்கும்போது இந்த 1984 மனதில் ஓடினால்தான் சுவை முழுதாகும். கஸ்டஃப்சன் 1996-இல் விலகினார். அவருடைய கோடைக்காலப் பயிற்சி முகாம்களின் பணக் கணக்கைப் பற்றிக் கேள்விகள் எழுந்திருந்த நேரம் அது. அவ்வளவு பெரிய வாழ்க்கைக்கு இணக்கமான விடையாக அமையவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. டெக்சஸ் அணி 1915 முதல் ஆடிவந்த சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பும் அதே 1996-இல் கலைந்தது. ஒரு கூட்டமைப்பு பிறந்து, வளர்ந்து, மறைந்த 80-க்கும் மேற்பட்ட ஆண்டுகளையும் செர்ரியின் மூன்று பருவங்கள் நீங்கலாக மூன்றே பேர், ஒரே வழியில் வந்தவர்கள், பார்த்து முடித்திருக்கிறார்கள். அதன் கடைசி 29 ஆண்டுகளில் 22 பட்டங்கள் கஸ்டஃப்சனுக்கு.

ஆசிரியர்–மாணவர் சங்கிலி அங்கே அறுந்தது. ஆனால் பல்கலைக்கழகம் தேடிப் பிடித்தது, தங்களைத் தோற்கடித்தவரை. 1911-இலும் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து எதிரணிக்காரரைத்தான் அழைத்தது என்பதை இங்கே சேர்த்துப் படிக்கிறேன்.

கரிடோ கலிபோர்னியாவின் வயேஹோவில் பிறந்தவர். ஃபுல்லர்ட்டனுக்கு 1979, 1984, 1995 என மூன்று தேசியப் பட்டங்கள் கொடுத்தவர். 1997-இல் டெக்சஸுக்கு வந்தபோது வயது 58. வந்த இரண்டாம் ஆண்டு தோல்விகள் வெற்றிகளை மிஞ்சின. கஸ்டஃப்சனின் 29 ஆண்டுகளில் அந்த அணி காணாதது அது. பொறுத்துக்கொண்டார்கள். 2000-இல் ஒமாஹா வந்தது. 2002-இல் பட்டம் வந்தது. இறுதியில் தோற்றது மறுபடியும் சவுத் கரோலைனா, 12–6. 2005-இல் இன்னொரு பட்டம்.

அவர் ஆட்டத்தின் நயம் 'பண்ட்' என்ற சின்ன அடியில் இருந்தது. மட்டையை ஓங்காமல், பந்தின் முன்னால் நீட்டிப் பிடித்து, பந்து தானே வந்து பட்டுத் திடலுக்குள் சில அடி உருண்டு நிற்கும்படி செய்வது. அடித்தவர் பெரும்பாலும் அவுட் ஆகிவிடுவார். ஆனால் முன்பே தளத்தில் நிற்கும் தோழர் ஒரு தளம் முன்னேறிவிடுவார். வேகமாக வரும் பந்தின் வேகத்தை மட்டையிலேயே கொன்றுவிட வேண்டும். அதற்கு விரல்கள் இறுக்கக் கூடாது, தளரவும் கூடாது. முதல் தளக் கோட்டுப் பக்கமா, மூன்றாம் தளக் கோட்டுப் பக்கமா என்று கோணம் பார்க்க வேண்டும். பெரிய அடி அடிக்கக்கூடிய பையனையும் கரிடோ இதைச் செய்யச் சொல்வார். ஓர் அவுட்டைக் கையால் எடுத்துக் கொடுப்பது வீண் என்று கணக்குப் போடுகிறவர்கள் வாதிடுவார்கள். பல நேரங்களில் அவர்கள் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனாலும் இருபது வயதுப் பையன் ஒருவன், தொழில்முறை அணிகளின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் கணக்கில் ஒரு வீரதீரமும் சேராது என்று தெரிந்தே மட்டையை மென்மையாக நீட்டுகிறானே, அதைக் காண எனக்கு அலுப்பதில்லை. அப்படி நீட்டவைத்தது அந்தப் பயிற்சியாளரின் சொல்வன்மை.

அந்தச் சொல்வன்மையில் மயங்கித்தான் ஆஸ்டினைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2008-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். லிங்க்லேட்டரே கல்லூரியில் பேஸ்பால் ஆடியவர். ஃபுல்லர்ட்டனில் படித்த நடிகர் கெவின் காஸ்ட்னர் கரிடோவின் நண்பர். 1999-இல் அவர் நடித்த பேஸ்பால் படம் ஒன்றில் கரிடோ யாங்கீஸ் மேலாளராக வந்துபோகிறார்.

2003-இல் கரிடோ 1,428-ஆவது வெற்றியைப் பெற்றார். அதுவரை கல்லூரி பேஸ்பாலின் முதல் பிரிவில் மிக அதிக வெற்றிகள் கஸ்டஃப்சனின் 1,427. சாதனை கைமாறியும் டெக்சஸை விட்டு வெளியே போகவில்லை. மறு ஆண்டு இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அவருடைய பழைய ஃபுல்லர்ட்டன். அதை நடத்தியவர் ஜார்ஜ் ஹார்ட்டன். கரிடோவிடம் ஆடியவர், பிறகு அவருக்கு உதவியாளராக இருந்தவர். ஃபுல்லர்ட்டன் வென்றது. டெக்சஸில் இல்லாமல் போன ஆசிரியர்–மாணவர் சங்கிலி கலிபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்தது. அது வந்து மோதியது ஆசிரியர்மேலேயே.

2009 மே 30 ஆட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. டிஷ்–ஃபால்க் ஃபீல்டில் பாஸ்டன் காலேஜுடன் தகுதிச் சுற்று. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 25 இன்னிங்ஸ் ஓடியது; ஏழு மணி மூன்று நிமிடம். முடிவு 3–2, டெக்சஸ் வெற்றி. கல்லூரி பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இல்லை. ஏழாம் இன்னிங்ஸில் பந்து வீச வந்த ஆஸ்டின் வுட் 13 இன்னிங்ஸ் வீசினார். அதில் முதல் 12⅓ இன்னிங்ஸுக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. வீசிய பந்துகள் 169. இந்த எண்ணை எழுதும்போது எனக்குள் இரண்டு உணர்ச்சிகள் எழுகின்றன. அத்தனை இன்னிங்ஸ் வீசியும் அந்தப் பையனின் கை தளராமல் மூலைகளைத் தொட்டதை எண்ணி மெய்சிலிர்க்கிறது. இடையில் ஓர் இடத்தில் கரிடோ நடந்துபோய்ப் பந்தை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் தோன்றுகிறது. 169 பந்துகள் ஓர் இளைஞனின் தோளிடம் கேட்கத் தக்கவை அல்ல. ஆட்டத்தின் பெருமையை முழுதாகப் போற்றியபடியே பயிற்சியாளரின் முடிவை நான் ஏற்கவில்லை.

கரிடோ 2016-இல் பொறுப்பை விட்டார். எல்லாக் கல்லூரிகளிலும் சேர்த்து அவர் பெற்ற வெற்றிகள் 1,975. 2018 மார்ச்சில் காலமானார். அவருக்குப் பின் வந்த டேவிட் பியர்ஸ் அந்த 2018-இல் அணியை ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். அணியின் பெரிய மட்டை கோடி கிளெமன்ஸ், ரோஜரின் மகன், கரிடோவின் கடைசிப் பருவத்தில் முதலாண்டு மாணவராக ஆடியவர். தந்தை கஸ்டஃப்சனிடம், மகன் கரிடோவிடமும் பியர்ஸிடமும். இந்த அட்டவணையின் கடைசி வரிகளை ஒன்றாகத் தைப்பதற்கு அந்த ஒரு குடும்பம் போதும்.

பியர்ஸ் எட்டுப் பருவங்களில் மூன்று முறை ஒமாஹா போனார். டிஷின் காலத்தில் அப்படி ஒருவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருப்பார். 2024 ஜூனில் அவரோடான ஏற்பாடு முடிந்தது. அடுத்து வந்தவர் ஜிம் ஷ்லாஸ்நேகல். அதுவரை டெக்சஸின் நெடுநாள் போட்டியாளரான டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். 2024 ஜூன் 24 அன்று அந்த அணி கல்லூரி உலகத் தொடரின் இறுதியில் டென்னசியிடம் தோற்றது. மறுநாளே அவர் ஆஸ்டினுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. அவரை நம்பி வந்த மாணவர்களுக்கும் ரசிகர்களுக்கும் அந்த ஓர் இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அது இனிக்கவில்லை. ஆனால் எதிரணியிலிருந்து ஆள் எடுக்கும் பழைய வழக்கம் மூன்றாம் முறையாக நடந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். எஸ்இசி என்ற புதிய கூட்டமைப்பில் டெக்சஸுக்கு முதல் பருவமான 2025-இல், அவருடைய அணி 22–8 என்ற கணக்கில் கூட்டமைப்புப் பட்டத்தை வென்றது. பிறகு தேசியத் தொடரின் முதற்சுற்றில், டிஷ்–ஃபால்க் ஃபீல்டிலேயே, சான் அந்தோனியோவிலிருந்து வந்த சிறிய அணியிடம் தோற்று வெளியேறியது.